உடல்நலத்தோடு இருக்கும்போதே மருத்துவக் காப்பீட்டைத் தெரிவு செய்வது எப்படி: இளைஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இருபத்தைந்து வயதில் மருத்துவக் காப்பீடு எடுக்க அமரும் ஒருவர் தமக்குள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "இந்த ஆண்டு இது எனக்குப் பயன்படுமா?" என்பதுதான். பயன்படாது என்பதே அநேகமாகச் சரியான விடை. ஆனால் அந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்தால், பிரீமியம் எதில் மிகக் குறைவோ அதுவே நல்ல பாலிசி என்ற முடிவுக்குத்தான் வர முடியும். பின்னாளில் மருத்துவமனைக் கட்டணச் சீட்டோடு நின்று வருந்துவோரில் பலர் அந்த முடிவுக்கு வந்தவர்களே. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. என் சேமிப்பால் தாங்க முடியாத ஒரு செலவு வந்தால், அதில் எவ்வளவை இந்தப் பாலிசி ஏற்கும்? நான் நோயாளியாகிவிட்ட பிறகும் இந்தக் காப்பு என்னோடு தொடருமா? இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளன. எடுத்துக்காட்டுக் கணக்குகளில் நாணயம் குறிப்பிடப்படவில்லை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் விகிதம் ஒன்றே.

இளமையில் வரும் பெருஞ்செலவுகள் எப்படிப்பட்டவை

இளைஞர்களுக்கு நோய் வருவதில்லை என்பது உண்மையன்று. அவர்களுக்கு வருபவை வேறு வகையானவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்துக் காயங்கள்தான். உயிர் பிழைப்பவர்களுக்கு எலும்பு முறிவு அறுவை, தீவிர சிகிச்சைப் பிரிவு, மாதக்கணக்கான பிசியோதெரபி என்று செலவு தொடர்கிறது. குடல்வால் அழற்சி மிகுதியாக வருவதும் பத்து முதல் முப்பது வயதுக்குள்தான். ஹாட்ஜ்கின் லிம்போமா, விரைப்பைப் புற்றுநோய் போன்றவை இளம் வயதினரிடையே குறிப்பாகக் காணப்படுபவை. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வெளிப்படுகிறது. மனச்சிதைவு நோயும் இருமுனைக் கோளாறும் பலருக்குப் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகின்றன.

இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே அரிதானது. ஆனால் வந்துவிட்டால் செலவு மிகப் பெரிது, சில வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது, ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பல் சுத்தம் செய்வது ஆகியவற்றை ஓர் இளைஞர் தம் சம்பளத்திலிருந்தே செலுத்திவிட முடியும். ஆகவே அவருடைய காப்பீடு சிறு செலவுகளில் கைவிட்டாலும் பெருஞ்செலவில் கைவிடாததாக இருக்க வேண்டும். விற்பனை விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுபவையோ பெரும்பாலும் சிறு செலவுகளுக்கான சலுகைகளே.

முதல் படி: ஏற்கெனவே உள்ள காப்பைக் கணக்கெடுங்கள்

பெற்றோரின் பாலிசி, வேலை தரும் நிறுவனத்தின் குரூப் பாலிசி, அரசின் திட்டம், கல்வி நிறுவனத்தின் காப்பீடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் கீழ் நீங்கள் இப்போதே இருக்கலாம். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெற்றோரின் திட்டம் பிள்ளைகளைச் சேர்க்க இடம் தருவதாக இருந்தால், 26 வயது நிறையும் வரை பிள்ளைகள் அதில் தொடரலாம். இந்தியாவில், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசிகளில் பல பிள்ளைகளை 25 வயது வரை ஏற்கின்றன. உங்கள் காப்பு முடியும் நாளை, ஆண்டாக மட்டுமின்றித் தேதியாகவே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பாலிசி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் நேரும் விபத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

குரூப் பாலிசி பற்றி ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அது நல்லது, பெரும்பாலும் காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் தராத தொடக்க மாதங்கள்) இல்லாதது, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது வேலையோடு கட்டப்பட்டது. வேலைக்குப் போக முடியாத அளவுக்கு ஒருவரை வீழ்த்தும் நோய், சில மாதங்களில் அந்த வேலையையும் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது பாலிசியும் போய்விடுகிறது. அந்த நிலையில் புதிதாகத் தனிப் பாலிசிக்கு விண்ணப்பிப்பவர், உடல்நலம் கேட்டு முடிவெடுக்கும் சந்தையில், நோயாளியாகவே விண்ணப்பிக்கிறார். அத்தகைய சந்தையில் வாழ்பவர், நிறுவனக் காப்பு இருந்தாலும், தம் பெயரில் அளவான தனிப் பாலிசி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: நீங்கள் தாங்கக்கூடிய தொகையை எழுதுங்கள்

நாளைக் காலை கடன் வாங்காமல், எதையும் விற்காமல், உங்களால் மருத்துவமனைக்குக் கட்டக்கூடிய தொகை எவ்வளவு? நோயுற்ற மாதங்களில் வருமானமும் நின்றிருக்கும் என்பதால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தேவையான மூன்று மாதத் தொகையை அதிலிருந்து கழித்துவிடுங்கள். மிஞ்சுவதே உங்கள் தாங்குதொகை. பலருக்கு இது நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். சிலருக்குச் சுழியமாகவும் இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த எண் இல்லாமல் அடுத்த படிகளில் எந்த முடிவும் எடுக்க முடியாது.

மூன்றாம் படி: உச்சவரம்பு யாருக்கு என்று பாருங்கள்

உலகின் மருத்துவக் காப்பீடுகளை ஒப்பிடும்போது மிக அடிப்படையான வேறுபாடு ஒன்று தென்படுகிறது. சில நாடுகளின் திட்டங்களில் நோயாளி செலுத்துவதற்கு உச்சவரம்பு உண்டு. வேறு சில நாடுகளில் காப்பீட்டு நிறுவனம் செலுத்துவதற்கு உச்சவரம்பு உண்டு.

சுவிட்சர்லாந்தின் கட்டாய அடிப்படைக் காப்பீடு முதல் வகை. வயது வந்த ஒருவர் தம் டிடக்டிபிளை, அதாவது காப்பீடு தொடங்கும் முன் தாமே செலுத்த வேண்டிய ஆண்டுத் தொகையை, 300 முதல் 2,500 பிராங்க் வரையுள்ள படிகளில் தெரிவு செய்யலாம். அதற்கு மேல் வரும் செலவில் 10 சதவீதத்தை அவர் ஏற்க வேண்டும். அந்தப் பங்கு ஆண்டுக்கு 700 பிராங்கைத் தாண்டாது. அப்படியானால் மிக உயர்ந்த டிடக்டிபிளைத் தெரிவு செய்தவருக்கும், வழக்கமான சிகிச்சைகளைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்கான சிறு தினக்கட்டணம் நீங்கலாக, மிக மோசமான ஆண்டின் செலவு 3,200 பிராங்க் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் முப்பது வயதுக்கு உட்பட்டோருக்கென உள்ள பேரிடர்த் திட்டங்களும் இதே வடிவம்தான்: பிரீமியம் குறைவு, டிடக்டிபிள் மிக உயர்வு, ஆனால் ஆண்டு உச்சவரம்பை எட்டியபின் திட்டத்திற்குட்பட்ட சிகிச்சை முழுவதையும் நிறுவனமே ஏற்கும்.

இந்தியா போன்ற நாடுகளில் வழக்கமானது இரண்டாம் வகை. பாலிசியில் எழுதியுள்ள காப்பீட்டுத் தொகை வரை நிறுவனம் கட்டும். அதைத் தாண்டியதெல்லாம் நோயாளியுடையது, அதற்கு எல்லையே இல்லை. இங்கே காப்பீட்டுத் தொகையைக் குறைத்து எடுப்பது, ஆபத்தின் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்குச் சமம்.

இரண்டாம் வகையில் தொகையை முடிவு செய்ய, நீங்கள் உண்மையிலேயே சேரப்போகும் தரத்திலுள்ள மருத்துவமனையில் ஒரு பெரும் சிகிச்சைக்கு ஆகும் செலவை விசாரியுங்கள். புற்றுநோய்க்கான முழுச் சிகிச்சை, இதய அறுவை, மூன்று வாரத் தீவிர சிகிச்சை ஆகிய மூன்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவு ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்ந்தால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் இரட்டிப்பாகிவிடும். எனவே இன்றைய பெருஞ்செலவின் இரு மடங்கையாவது இலக்காகக் கொள்வதே பொருத்தம்.

அவ்வளவு பெரிய தொகைக்கு ஒரே பாலிசி எடுத்தால் பிரீமியம் சுமையாகலாம். நடுத்தர அடிப்படைப் பாலிசியோடு, குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரும் செலவை ஏற்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி ஒன்றைச் சேர்ப்பது பெரும்பாலும் மலிவான வழி. சாதாரண டாப்-அப்பையும் சூப்பர் டாப்-அப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிடக்டிபிள் 5,00,000 என்றும், ஒரே ஆண்டில் இருமுறை மருத்துவமனையில் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 4,00,000 செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அனுமதியையும் தனியே கணக்கிடும் டாப்-அப், இரண்டு முறையும் வரம்பைத் தாண்டவில்லை என்று கூறி ஒன்றுமே தராது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கணக்கிடும் சூப்பர் டாப்-அப் 3,00,000 தரும். பிரீமியத்தில் உள்ள சிறு வேறுபாட்டுக்காக முன்னதை வாங்குவது வீண்.

நான்காம் படி: டிடக்டிபிளா, கோ-பேயா

பிரீமியத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உங்கள் முன் வைக்கப்படும். டிடக்டிபிள் என்பது நிலையான தொகை. கோ-பே என்பது, அது சதவீதமாக வரும் இடங்களில், மொத்தச் செலவில் ஒரு பங்கு. இளைஞருக்கு முன்னது ஏற்றது. உச்சவரம்பில்லாத சதவீதக் கோ-பேயைத் தவிர்ப்பது நல்லது. 20 சதவீதக் கோ-பே, 20,000 ஆகும் சிகிச்சையில் 4,000 மட்டுமே கேட்கும்போது இலேசாகத் தெரியும். 10,00,000 ஆகும் சிகிச்சையில் அதுவே 2,00,000 கேட்கும். செலவு பெருகப் பெருக உங்கள் சுமையும் பெருகுவதால், காப்பு எங்கே மிகவும் தேவையோ அங்கேயே அது மெலிந்துபோகிறது.

டிடக்டிபிளின் அளவைக் கணக்கிட எளிய வகுத்தல் போதும். டிடக்டிபிள் இல்லாத பாலிசிக்கு ஆண்டுப் பிரீமியம் 10,000. 20,000 டிடக்டிபிள் உள்ளதற்கு 6,000 என்று கொள்வோம். ஆண்டுக்கு 4,000 மிச்சம். 20,000ஐ 4,000ஆல் வகுத்தால் 5. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவாகவே பெரும் கிளெய்ம் வரும் என்று நீங்கள் நியாயமாக நம்பினால், இரண்டாவது பாலிசி இலாபம். அந்த விடை 12, 15 என்று வந்தால் டிடக்டிபிளை ஏற்பதில் பயன் இல்லை. நிறுவனம் உங்களுக்குப் போதிய தள்ளுபடி தரவில்லை என்பதே அதன் பொருள்.

இந்தக் கணக்கோடு ஒரு நிபந்தனை சேர்ந்தே வருகிறது. டிடக்டிபிள் உங்கள் தாங்குதொகைக்குள் இருக்க வேண்டும். மிச்சமாகும் பிரீமியம் தனிக் கணக்கில் போய்ச் சேர வேண்டும். மிச்சத்தைச் செலவழித்துவிட்டு உயர்ந்த டிடக்டிபிளோடு இருப்பவர், சிறு விபத்து வந்தாலும் கடன் வாங்க நேரும். சில வேளைகளில் பணத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போடுவீர்கள் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தோன்றினால், கணக்கு என்ன சொன்னாலும் குறைந்த டிடக்டிபிளை எடுங்கள்.

ஐந்தாம் படி: உள்வரம்புகளைத் தேடிப் பிடியுங்கள்

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் காப்பீட்டுத் தொகையை உள்ளே சிறிய எழுத்தில் குறைக்கும் விதிகள் சில பாலிசிகளில் உண்டு. கண்புரைக்கு இவ்வளவு, மூட்டு மாற்றத்துக்கு இவ்வளவு என்ற சப்-லிமிட்டுகள் இளைஞரைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அறை வாடகை வரம்புதான் எல்லா வயதினரையும் பாதிப்பது.

நாள் வாடகை வரம்பு 5,000 என்றிருக்க, நீங்கள் 10,000 வாடகையுள்ள அறையில் நான்கு நாள் தங்குகிறீர்கள். கூடுதல் வாடகை 20,000ஐ மட்டும் கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பல மருத்துவமனைகளில் மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் அறையின் தரத்தைப் பொறுத்தே உயர்கின்றன. அதனால் விகிதாசாரக் கழிவு விதியுள்ள பாலிசி, அறை வாடகையில் பாதியை மட்டும் ஏற்பதுபோல அந்தக் கட்டணங்களிலும் பாதியையே ஏற்கும். அவை 2,00,000 எனில், அதில் 1,00,000 உங்கள் கையிலிருந்து போகும். வாடகையோடு சேர்த்து இழப்பு 1,20,000. அவசரத்தில் சேரும்போது எந்த அறை காலியாக இருக்கிறதோ அதில்தான் படுக்க வேண்டியிருக்கும் என்பதால், இதை நோயாளியின் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். வாடகை வரம்பில்லாத பாலிசியோ, குறைந்தபட்சம் தனி அறையை அனுமதிக்கும் பாலிசியோ கிடைத்தால், அதற்காகச் சற்றுக் கூடுதல் பிரீமியம் கொடுப்பது தகும்.

ஆறாம் படி: உங்கள் சந்தையில் உடல்நலத்தைக் கேட்கிறார்களா?

எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்ற இரண்டும் இந்தக் கேள்வியில்தான் தீர்மானமாகின்றன.

விண்ணப்பதாரரின் நோய் வரலாற்றைக் கேட்டு மறுக்கவோ பிரீமியத்தை உயர்த்தவோ சட்டம் இடம் தரும் நாட்டில், உங்கள் இன்றைய உடல்நலமே உங்களிடமுள்ள பேரம் பேசும் வலிமை. இன்று சேர்பவருக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. நீரிழிவோ தைராய்டுக் கோளாறோ கண்டறியப்பட்ட பிறகு சில மூடிக்கொள்ளும். காத்திருப்புக் காலமும் இங்கே முக்கியமானது. இந்தியாவில் 2024 முதல், முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 60 மாதங்கள் நடந்துவிட்ட பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. இந்த மாதங்கள் பாலிசி எடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகின்றன. 25 வயதில் எடுத்தவர் 30 வயதில் அவற்றையெல்லாம் கடந்திருப்பார். 35 வயதில் எடுப்பவருக்கு, நோய்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கும் காலத்தில்தான் அவை தொடங்குகின்றன. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், பேறுகாலக் காப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு இருக்கலாம் என்பதையும் முன்பே பாருங்கள். கருவுற்ற பிறகு சேர்ப்பது பெரும்பாலும் பயன் தராது.

யாரையும் நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் உள்ள இடங்களில் உத்தி மாறுகிறது. அமெரிக்காவில் தனிநபர் திட்டங்களுக்கு 2014 முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பதிவுக் காலத்தில் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் இப்போது உயர்ந்த டிடக்டிபிளோடு இருந்து, தேவை கூடும்போது அதைக் குறைத்துக்கொள்ள முடியும். தவறவிடக் கூடாதது பதிவுக் காலத்தின் கடைசி நாள்.

தாமதத்துக்கு நேரடியாகவே கட்டணம் வைத்துள்ள நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு ஜூலை முதல் உள்ள ஏற்பாட்டின்படி, தனியார் மருத்துவமனைக் காப்பை உரிய வயதில் எடுக்காதவருக்கு, முப்பதைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியத்தில் 2 சதவீதம் கூடுகிறது. 40 வயதில் முதன்முதலாக எடுப்பவர் 20 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார். பத்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டிய பிறகே அந்தக் கூடுதல் நீங்கும்.

விண்ணப்பப் படிவத்தில் உண்மையை முழுமையாக எழுதுங்கள். சிறுவயது ஆஸ்துமா, ஒருமுறை எடுத்த மனநல ஆலோசனை, புகைப்பழக்கம், பெற்றோரின் நோய்கள் என்று எது கேட்கப்பட்டாலும் மறைக்காதீர்கள். "இதையெல்லாம் எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும்" என்று ஏஜெண்டு சொல்லக்கூடும். கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். படிவத்தை நீங்களே நிரப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மருத்துவமனைப் பட்டியலும் புதுப்பிப்பு விதிகளும்

நிறுவனத்தின் நெட்வொர்க் பட்டியலில், அதாவது அதனோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளின் பட்டியலில், எத்தனை ஆயிரம் மருத்துவமனைகள் உள்ளன என்பதைவிட, உங்கள் வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய மூன்று நல்ல மருத்துவமனைகள் அதில் உள்ளனவா என்பதே பொருட்படுத்தத்தக்கது. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவையே அழைத்து உறுதிசெய்யுங்கள். அவசர காலத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே சேர்ந்தால் என்ன விதி என்பதையும், அடிக்கடி ஊர் மாறுபவரானால் அங்கெல்லாம் காப்பு செல்லுமா என்பதையும் கேளுங்கள்.

புதுப்பிப்பில் பார்க்க வேண்டியவை: வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கும் உறுதி உள்ளதா, கிளெய்ம் செய்தவர் என்பதற்காகவே பிரீமியத்தைத் தனியாக ஏற்றும் விதி உள்ளதா, வயதுக்கேற்பப் பிரீமியம் எப்படி உயர்கிறது. இன்றைய பிரீமியத்தோடு அதே பாலிசியின் 35, 45, 55 வயதுப் பிரீமியங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இளைஞரை ஈர்க்க முதலில் மிகக் குறைத்துப் பின்னர் செங்குத்தாக ஏறும் அட்டவணை அப்போது தெரிந்துவிடும்.

எட்டாம் படி: விட்டுவிடக்கூடியவை

வெளிநோயாளிச் செலவுக்கான ரைடர், அதாவது கூடுதல் பிரீமியத்துக்குப் பாலிசியோடு இணைக்கும் பகுதி, பெரும்பாலும் நீங்கள் கட்டும் பணத்தையே சற்றுக் குறைத்துத் திருப்பித் தருவது. தொடர்ந்து மருந்து எடுப்பவருக்கன்றி மற்றவருக்குத் தேவையில்லை. மருத்துவமனைச் செலவுக்கான பாலிசியை முதலீட்டோடு கலந்து விற்றால் வாங்காதீர்கள். கடும் நோய் கண்டறியப்பட்டவுடன் மொத்தத் தொகை தரும் பாலிசி, வருமான இழப்பை ஈடுசெய்ய உதவும். ஆனால் அது மருத்துவமனைக் காப்பீட்டுக்கு மாற்றாகாது, வீடு உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால் இரண்டாவதாக யோசிக்க வேண்டியது. மனநல சிகிச்சைக்கான காப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்; முன்பு சொன்னதுபோல, இளம் வயதே அந்த நோய்கள் தொடங்கும் காலம். மலையேற்றம், மோட்டார் பந்தயம் போன்றவற்றில் ஈடுபடுபவர் விலக்குப் பட்டியலில் அவை உள்ளனவா என்று தேட வேண்டும்.

ஒன்பதாம் படி: ஆவணத்தைப் படித்து, எடுத்த பின் செய்ய வேண்டியவை

விளம்பரச் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு முழு பாலிசி ஆவணத்தைக் கேட்டு வாங்கி, பின்னிருந்து முன்னாகப் படியுங்கள்: முதலில் விலக்குகள், பிறகு காத்திருப்புக் காலங்கள், பிறகு வரம்புகள், கடைசியாகப் பயன்கள். "மருத்துவமனை", "அவசரநிலை", "முன்பே இருக்கும் நோய்" ஆகிய சொற்களுக்குத் தரப்பட்டுள்ள வரையறைகளைத் தவறாமல் பாருங்கள். ஐயம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, விடையையும் எழுத்திலேயே பெறுங்கள். பல நாடுகளில் பாலிசி கைக்கு வந்த பிறகும் திருப்பித் தர அவகாசம் உண்டு. இந்தியாவில் அது 30 நாள். அந்த நாள்களை அலமாரியில் கழிய விடாமல், படிப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

பிரீமியம் தானாகச் செலுத்தப்படும்படி வங்கியில் ஏற்பாடு செய்தாலும், புதுப்பிப்புத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்; அட்டை காலாவதியாகி, பிரீமியம் கட்டப்படாமல், சேர்த்துவைத்த காத்திருப்பு மாதங்களெல்லாம் அழிந்துபோவது நடக்கக்கூடியதே. திருமணம், குழந்தை, வேலை மாற்றம், நாடு மாற்றம் ஆகிய ஒவ்வொன்றின்போதும் மூன்றாம் படியிலிருந்து மறுபடி கணக்கிடுங்கள். பாலிசி எண்ணையும் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணையும் உங்களோடு வசிப்பவர் ஒருவரின் கைபேசியிலும் சேமித்துவையுங்கள். விபத்துக்குப் பிறகு மருத்துவமனை வரவேற்பில் அவற்றைச் சொல்ல வேண்டியவர் அநேகமாக நீங்களாக இருக்க மாட்டீர்கள்.